ஒரு மில்லிமீட்டர் தெளிவு

செடியின் நுனியில் தும்பி அமர்ந்திருப்பதைக் காணாதவர் நம்மில் யாருமில்லை. ஆயின் அதன் முகத்தை அருகிருந்து கண்டவர் எத்தனை பேர்? உருப்பெருக்கும் லென்ஸ் பொருத்திய காமிராவுடன் ஒரு விடியற்காலையில் தோட்டத்தில் முழந்தாளிட்டு அமர்ந்தபோதுதான் நாமும் அம்முகத்தை முதன்முதலாகக் கண்டோம். படம் கைக்கு வந்ததும் மகிழ்ந்தோம். உற்று நோக்கியதும் ஏமாந்தோம். முன்காலின் மயிர்கள் தெள்ளத் தெளிவாய் விளங்கின. கண்களோ மூடுபனியில் மறைந்தவைபோல் மங்கிக் கிடந்தன.

காரணம் யாது? தொலைவிலுள்ள மலையைப் படமெடுக்கும்போது முன்னும் பின்னும் நெடுந்தூரம் தெளிவாக விழும். பொருளை நெருங்க நெருங்க அத்தெளிவின் ஆழம் குறுகும். 35 மி.மீ. படச்சுருளில் பூச்சியின் உருவம் அதன் மெய்யளவிலேயே பதியுமாறு நெருங்கினால், எஃப் 8 என்னும் துவார அளவில் நமக்குக் கிட்டும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. எஃப் 16 ஆகச் சுருக்கினால் அது இரு மடங்காகும். அப்படியாயின் இன்னும் சுருக்கலாமே என்பீர்கள். அதற்கும் எல்லை உண்டு. மிகச் சிறிய துளை வழியே செல்லும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மழுங்கிவிடும். வெளிச்சமும் குறையும், இளங்காற்றின் அசைவுகூடப் படத்தைக் கெடுக்கும்.

இக்குறையைக் கடக்க வல்லுநர் வேறொரு வழி கண்டனர். காமிராவை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாயுள்ள பகுதிகளை மட்டும் கணிப்பொறியின் துணையால் ஒன்றுசேர்ப்பதே அது. லெவன் பிஸ் என்னும் ஆங்கிலேயக் கலைஞர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை இவ்வாறு படமாக்கி 2016ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்தார். ஒரு பூச்சியின் உருவத்திற்கு ஏறத்தாழ 8,000 படங்கள்! ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே காமிரா நகர்ந்த தொலைவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

அவை உயிரற்ற பூச்சிகள், அசையமாட்டா. உயிருள்ளதை அசையாதிருக்கச் செய்வது எங்ஙனம்? இங்கேதான் நாம் தவறினோம். கும்பிடுபூச்சி ஒன்றைச் சிமிழிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். குளிரில் அதன் உடல் விறைத்தது. வேண்டிய படங்களை எடுத்தபின், வெயில் பட்டால் எழுந்து நடக்குமென இலைமீது வைத்துக் காத்திருந்தோம். அது எழவேயில்லை. அப்படங்கள் அழகானவைதாம், எனினும் இன்றுவரை யாருக்கும் அவற்றைக் காட்ட நமக்கு மனம் வந்ததில்லை.

1665இல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலுக்காக எறும்பை வரைய முற்பட்ட இராபர்ட் ஹூக்கும் இதே இக்கட்டில் சிக்கினார். கால்களை ஒட்டிவைத்தால் எறும்பு உடலை முறுக்கித் திமிறியது. ஆகவே அவர் அதைப் பிராந்தியில் அமிழ்த்தினார். ஒரு மணி நேரம் மயங்கிக் கிடந்த எறும்பு திடீரென விழித்து ஓடிவிட்டதாம். அவர் நற்பேறு பெற்றவர், நாம் பெற்றிலோம்.

இப்பொழுதெல்லாம் கதிரவன் எழுமுன்னரே தோட்டத்திற்குச் செல்கிறோம். இரவின் குளிரால் பூச்சிகள் அவ்வேளையில் தாமாகவே அடங்கியிருக்கும்; வெயில் ஏறியதும் பறந்துவிடும். உடல் முழுவதும் தெளிவாக வேண்டுமாயின் காமிராவை அதன் பக்கவாட்டிற்கு இணையாகப் பிடிக்கிறோம். முகத்தை நாடினால் கண்களில் மட்டும் கருத்தை வைத்து, எஞ்சியவை மங்கட்டும் என விட்டுவிடுகிறோம். எடுத்து முடிக்குமுன் தும்பி பறந்துவிடுவதும் உண்டு. அது பறந்து செல்வதைப் பார்த்து நின்றுவிட்டு, காமிராவை மூடிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

விடுமுறையில் காமிராவைக் கையிலெடுக்கும் இளையோரே, நீவிரும் அவ்வாறே செய்வீராக.