உள்ளங்காலைப் பார்த்திருக்கிறீர்களா?

நம் கவிதைகளில் பறக்கும் ராஜாளிகளுக்கெல்லாம் நகம் மட்டும்தான் இருக்கிறது. பாதம் கிடையாது. கூர்மை, வேட்டை, விடுதலை என்று எழுதித் தள்ளுகிறோம். வளைகுடாவில் ராஜாளிகளுக்கான ஒரு சிகிச்சைக்கூடத்தில் நான்கு வருடம் உதவியாளனாக இருந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்: கொஞ்சம் நிறுத்துவோம்.

வேட்டைப் பருவத்துக்கு முன்னால் கண்ணை மூடும் தோல்தொப்பியோடு பறவைகள் வரும். மயக்க வாயு கொடுத்து, மல்லாத்தி, ஒவ்வொரு நகமாக வெட்டி அரத்தால் ராவுவோம். காட்டில் பாறையும் கிளையும் செய்கிற வேலை இது. நாள் முழுக்க ஒரே தாங்கியில் கட்டிக் கிடக்கும் பறவையின் நகம் தேயாமல் வளரும், வளைந்து தன் உள்ளங்காலையே குத்தும். அந்தத் துளையில் கிருமி நுழைந்தால் பாதம் வீங்கி, சீழ் கட்டி, எலும்புவரை போகும். பம்பிள்ஃபுட் என்பார்கள். சிறகு இருக்கும், நிற்கக் கால் இருக்காது.

சில உரிமையாளர்கள் கேட்பார்கள்: "இன்னும் ஊசி மாதிரி தீட்டிவிடுப்பா, வேட்டைக்குப் போகுதில்ல?"

இதைவிட முட்டாள்தனம் வேறில்லை. அந்த ஊசி முதலில் குத்துவது இரையை அல்ல, பறவையை. நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. அளவு தப்பினால் ரத்தம். தவிர, ராஜாளி காலால் அடித்துப் பிடிக்கும். கொல்வது பெரும்பாலும் அலகால்தான். மேலலகு ஓரத்தில் பல் போன்ற ஒரு முனை உண்டு, அதுதான் இரையின் கழுத்தெலும்பைத் துண்டிக்கும். பிடித்து நெரித்தே கொல்வது வல்லூறு இனம். அதற்கும் ஆரோக்கியமான பாதம் இல்லாமல் பிடி ஏது?

2010-ல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபு என்று பட்டியலில் சேர்த்தது. நான் தொட்டிருக்கிறேன். வீங்கிய பாதம் சுடும்.

"பறவையைக் கட்டிவைப்பதே தப்பு" என்பீர்கள். அந்தச் சண்டையை அப்புறம் போடலாம், நானும் வருகிறேன். ஆனால் இன்று கட்டிக் கிடக்கிற பறவைக்கு அந்தச் சண்டையால் என்ன லாபம்? அதற்கு வேண்டியது செயற்கைப் புல் போர்த்திய தாங்கி, வேறுவேறு பருமனில் உட்காரும் இடம், அளவான எடை, தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிற ஒரு மனுஷன்.

பாறையிடமிருந்து பறவையைப் பிரித்தவன், பாறையின் வேலையையும் செய்யத்தான் வேண்டும். அது முடியாதவனுக்குக் கையுறை எதற்கு?