2,500 ரூபாய்க்கு புரோட்டீன் டப்பா வாங்கலாமா? ஒரு கிராம் கணக்கு போட்டுப் பார்ப்போம்



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, வருமான வரியும் இல்ல. வே புரோட்டீன் டப்பா பத்திப் பேசப் போறோம். பர்சனல் ஃபைனான்ஸ் பிளாக்ல இது எதுக்குன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

கையில 28,000 ரூபாய் சம்பளம் வாங்குற ஒருத்தரை எடுத்துக்கோங்க. பெருங்களத்தூர்ல பிஜி, சிறுசேரியிலயோ மெப்ஸ்லயோ வேலை. வாடகை, சாப்பாடு, வண்டிக்குப் பெட்ரோல், ஊருக்கு அனுப்புற காசு எல்லாம் போக மிச்சம் ஆறு ஏழாயிரம் நிக்கும். அதுல ஜிம் ஃபீஸ் 1,500, புரோட்டீன் பவுடர் 2,500. அதாவது மிச்சத்துல பாதிக்கு மேல உடம்புக்குப் போகுது. உடம்புக்குச் செலவு பண்றதை நான் தப்புன்னே சொல்ல மாட்டேன். ஆனா அந்த 2,500 ரூபாய் என்ன வாங்கித் தருதுன்னு கணக்குப் பார்க்காம கொடுக்கிறது தப்பு. போன் வாங்கும்போது பத்து ரிவ்யூ பார்க்கிற நாம, மாசாமாசம் வாங்குற டப்பாவுக்கு ஒரு வகுத்தல் கணக்கு கூட போடுறதில்ல.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்மள்ல முக்கால்வாசி பேருக்கு அந்த டப்பா தேவையில்ல. தேவைப்படுறவங்களுக்கும் அது சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வரணும், சாப்பாட்டுக்குப் பதிலா வரக்கூடாது.

எவ்வளவு புரோட்டீன் வேணும்?

ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஹைதராபாத். இவங்க 2020 பரிந்துரைப்படி, சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன் ஒரு நாளைக்குப் போதும். 65 கிலோ இருக்கிறவருக்கு சுமார் 54 கிராம்.

வெயிட் தூக்குறவங்களுக்கு இது பத்தாது, சரி. பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல 2018ல ஒரு தொகுப்பு ஆய்வு வந்துச்சு. 49 ஆய்வுகள், 1,863 பேர். கிலோவுக்கு சுமார் 1.6 கிராமுக்கு மேல போனா தசை வளர்ச்சியில கூடுதல் பலன் பெருசா இல்லன்னு அதுல தெரிஞ்சுது. அதே நிறுவனம் 2024 மே மாசம் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலயும் இதே 1.6 தான் எல்லையா வருது. கூடவே, புரோட்டீன் பவுடர் வேண்டாம், சாப்பாட்டுலயே எடுத்துக்கலாம்னும் அந்த வழிகாட்டி சொல்லுது.

65 கிலோ ஆளுக்கு 1.6 கிராம்னா 104 கிராம். இதுதான் உச்சவரம்பு. ஜிம்ல யாராவது 180 கிராம் எடு, 200 எடுன்னு சொன்னா, அந்தக் கூடுதல் 80 கிராமுக்கு யாரு காசு கொடுக்கிறாங்கன்னு யோசிங்க.

இப்ப நாம தினமும் சாப்பிடுறது எவ்வளவு? காலைல நாலு இட்லி சாம்பார் 11 கிராம். மதியம் சாதம், சாம்பார், பொரியல், தயிர் 16 கிராம். சாயங்காலம் ரெண்டு டீ, ஒரு வடை 7 கிராம். ராத்திரி மூணு தோசை, சட்னி 10 கிராம். கூட்டினா 44. ஆக, ஜிம்முக்குப் போற ஆளுக்கு 60 கிராம் குறையுது. குறை உண்மைதான். அந்தக் குறையை எதை வச்சு அடைக்கிறோம்ங்கிறதுதான் கேள்வி.

ஒரு கிராம் என்ன விலை?

ஃபார்முலா ரொம்ப சிம்பிள். பொருளோட விலையை, அதுல இருக்கிற மொத்த புரோட்டீன் கிராமால வகுங்க. விலை எல்லாம் நம்ம தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் கிடைக்கிறதை ஒட்டி ரவுண்டா எடுத்திருக்கேன். உங்க கடையில ரெண்டு ரூபாய் கூடக் குறைய இருக்கலாம், வகுத்தல் மாறாது.

மீல்மேக்கர்: கிலோ 180 ரூபாய், 520 கிராம் புரோட்டீன். ஒரு கிராம் 35 காசு.
கொண்டைக்கடலை: கிலோ 120 ரூபாய், 200 கிராம். ஒரு கிராம் 60 காசு.
வேர்க்கடலை: கிலோ 160 ரூபாய், 250 கிராம். ஒரு கிராம் 64 காசு.
முட்டை: ஒண்ணு 7 ரூபாய், 6 கிராம். ஒரு கிராம் 1.17 ரூபாய்.
ஆவின் நீல பாக்கெட்: அரை லிட்டர் 20 ரூபாய், 15 கிராம். ஒரு கிராம் 1.33 ரூபாய்.
சிக்கன்: எலும்போட கிலோ 260 ரூபாய், 140 கிராம். ஒரு கிராம் 1.86 ரூபாய்.
வே புரோட்டீன்: கிலோ 2,500 ரூபாய். 30 ஸ்கூப், ஸ்கூப்புக்கு 24 கிராம், மொத்தம் 720 கிராம். ஒரு கிராம் 3.47 ரூபாய்.

முட்டையை விட மூணு மடங்கு, மீல்மேக்கரை விட பத்து மடங்கு.

அந்த 60 கிராம் குறைக்கு வருவோம். மூணு முட்டை 18, அரை லிட்டர் பால் 15, ஐம்பது கிராம் மீல்மேக்கர் 26. மொத்தம் 59 கிராம், செலவு 50 ரூபாய். மாசம் 1,500. அதே அளவை வே புரோட்டீன்ல எடுத்தா தினம் ரெண்டரை ஸ்கூப், மாசம் 6,000 ரூபாய்க்கு மேல. யாரும் ரெண்டரை ஸ்கூப் போடுறதில்ல, ஒண்ணுதான் போடுறாங்க. அப்போ 2,500 ரூபாய் கொடுத்தும் குறையில பாதி கூட அடையல. காலைல அதே நாலு இட்லி, சாயங்காலம் ஒரு ஷேக். "புரோட்டீன் எடுக்கிறேன் ப்ரோ"ங்கிற திருப்தி மட்டும் முழுசா கிடைக்குது.

டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?

மேல போட்ட 3.47 ரூபாய் கணக்கு, லேபிள்ல எழுதினது உண்மைன்னு நம்பிப் போட்டது. கேரளாவைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸும் அவர் குழுவும் இந்தியாவுல விக்கிற 36 புரோட்டீன் பவுடர்களை லேப்ல சோதிச்சு, 2024ல மெடிசின் இதழ்ல வெளியிட்டாங்க. சுமார் 70 சதவீத பவுடர்கள்ல லேபிள்ல போட்ட புரோட்டீன் அளவு சரியில்ல. சிலதுல சொன்னதுல பாதிதான் இருந்துச்சு. 14 சதவீதத்துல அஃப்ளாடாக்சின்ங்கிற பூஞ்சை நச்சு, 8 சதவீதத்துல பூச்சிக்கொல்லி மிச்சம்.

எல்லா பிராண்டும் மோசம்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. நல்லவையும் இருக்கு. ஆனா பாதி அளவு டப்பா உங்க கையில சிக்கினா, 3.47 ரூபாய் 7 ரூபாய் ஆயிடும். முட்டையில இந்தப் பிரச்சனை கிடையாது. நாமக்கல் முட்டைக்கு லேபிளும் இல்ல, அளவுல பொய் சொல்ல வழியும் இல்ல.

விளையாட்டுல இருக்கிற பசங்களுக்கு

இது இன்னும் முக்கியம். நம்ம ஏரியாவுல நிஜமாவே போட்டிக்குப் போற பசங்க நிறைய. மேலக்கோட்டையூர்ல விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கு. ஓஎம்ஆர் பக்கம் கண்ணகி நகர் கார்த்திகா, 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் ஜெயிச்ச இந்தியப் பெண்கள் கபடி அணியோட துணை கேப்டன். தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்துச்சு. அவங்களைப் பார்த்துட்டு கபடி மேட்டுக்குப் போற பொண்ணுங்க இப்ப எவ்வளவோ பேர். அந்த வீட்டு அப்பா அம்மாகிட்ட யாராவது "பவுடர் வாங்கிக் கொடுத்தாத்தான் பொண்ணு மேல வருவா"ன்னு சொன்னா, அவங்க கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுப்பாங்க. அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன்: அந்த டப்பா விளையாட்டுக்கான நுழைவுக் கட்டணம் இல்ல.

பணம் தாண்டி இன்னொரு ஆபத்தும் உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி, வீரரோட உடம்புல என்ன இருந்தாலும் அதுக்கு அந்த வீரர்தான் பொறுப்பு. "பவுடர்ல கலந்திருக்குன்னு தெரியாது சார்"னு சொன்னா தண்டனை குறையலாம், ஆனா மெடலும் ரிசல்ட்டும் போயிடும். ரயில்வே, போலீஸ்னு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையை நம்பி இருக்கிற குடும்பத்துக்கு அது ஒரு டப்பா விலை இல்ல, ஒரு தலைமுறையோட விலை. கட்டாயம் எடுத்தே ஆகணும்னா, இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் மாதிரி பேட்ச் பேட்ச்சா சோதிச்ச சான்று இருக்கிறதை மட்டும் கோச்சைக் கேட்டு வாங்குங்க.

டப்பா பக்கத்து நியாயம்

ஒரு பக்கமா பேசக்கூடாது. வே புரோட்டீனுக்கு உண்மையான பலன்கள் இருக்கு. சீக்கிரம் செரிக்கும், அமினோ அமிலத் தரம் நல்லா இருக்கும், 24 கிராம் புரோட்டீனுக்கு 120, 130 கலோரிதான். அதே 24 கிராமை வேர்க்கடலையில எடுத்தா 500 கலோரிக்கு மேல போயிடும். எடை குறைக்கிறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம். பருப்பு, பயறு புரோட்டீனோட தரம் பால், முட்டையை விடக் கொஞ்சம் கம்மிங்கிறதும் உண்மை.

அதனால இவங்க வாங்கலாம்: முட்டை, மாமிசம் தொடாதவங்க, பிஜியில அடுப்பே பத்த வைக்க விடாத நிலைமையில இருக்கிறவங்க, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது மெஸ்ஸெல்லாம் மூடிக் கிடக்கிறவங்க, சாப்பாட்டுலயே 80 கிராம் தொட்டுட்டு கடைசி 20, 25 கிராமுக்குத் திண்டாடுறவங்க. இவங்க கொடுக்கிற கூடுதல் காசு வசதிக்கான காசு. தெரிஞ்சு கொடுத்தா தப்பே இல்ல.

வாங்குறதா இருந்தா சில விஷயம். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் பாருங்க. மூலிகை கலந்தது, "மாஸ் கெயினர்"னு சர்க்கரை ரொப்புனது வேண்டாம். ஜிம்லயே விக்கிறாங்கன்னா, அதுல அவங்களுக்கு மார்ஜின் இருக்கும்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க. ஈஎம்ஐ, பே லேட்டர் போட்டு வாங்கவே கூடாது. கடன்ல வாங்கித்தான் குடிக்கணும்னா, உங்க பட்ஜெட்டுக்கு அது ஒத்துவரலன்னு அர்த்தம். சிறுநீரகப் பிரச்சனை இருந்தா டாக்டரைக் கேக்காம எதையும் கூட்டாதீங்க.

எஸ்ஐபி கணக்கு வேண்டாம், வீட்டுக் கணக்கு போடுவோம்

"இந்த 2,500ஐ எஸ்ஐபியில போட்டா பத்து வருஷத்துல இவ்வளவு"ன்னு இந்த இடத்துல ஒரு கால்குலேட்டர் காட்டுவேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. காட்டல. உடம்புக்கு ஒதுக்கின காசு உடம்புக்கே போகட்டும். ஆனா யாரோட உடம்புக்கு?

அப்பா அம்மாவோட வீட்டுல இருந்து வேலைக்குப் போறவங்க இதைக் கவனிங்க. நாலு பேர் இருக்கிற வீடு. அதே காசுல மாசத்துக்கு இதெல்லாம் வாங்கலாம்: மூணு ட்ரே முட்டை 630, தினம் அரை லிட்டர் பால் 600, ஒன்றரை கிலோ மீல்மேக்கர் 270, ரெண்டு கிலோ கொண்டைக்கடலை 240, ஒரு கிலோ வேர்க்கடலை 160, ரெண்டு கிலோ சிக்கன் 520. மொத்தம் 2,420 ரூபாய். புரோட்டீன் 2,700 கிராம்.

டப்பாவுல 720. இதுல 2,700. நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு தினம் 22 கிராம். அதாவது நீங்க ஒருத்தர் ஒரு ஸ்கூப் குடிக்கிற காசுல, வீட்டுல நாலு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரு ஸ்கூப்.

நம்ம வீடுகள்ல முட்டை வெந்தா முதல்ல பையன் தட்டுக்குப் போகும், அப்புறம் அப்பா தட்டுக்கு. அம்மா "எனக்கு வேண்டாம், ரசம் போதும்"னு சொல்லிடுவாங்க. வயசு ஏற ஏற தசை குறையும். பல்லாவரம் ஸ்டேஷன் படியேற, தரையில உட்கார்ந்து எழ அந்த தசைதான் வேணும். 25 வயசுல ஜிம்முக்குப் போற நமக்கு ஒரு ஸ்கூப் குறைஞ்சா பெருசா எதுவும் ஆகாது. 52 வயசு அம்மாவுக்கு தினம் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் கூடினா அது நிஜமான மாற்றம்.

அரசுப் பள்ளி சத்துணவுல குழந்தைங்களுக்கு வாரம் 5 முட்டை போடுறாங்க. சம்பளம் வாங்குற நாம நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு அந்த அளவாவது போடுறோமான்னு கேட்டுப் பாருங்க.

இந்த மாசம் ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. டப்பா தீர்ந்ததும் உடனே அடுத்ததை ஆர்டர் போடாதீங்க. ஒரு முப்பது நாள், அதே காசை மளிகைக் கடைக்கும் முட்டைக் கடைக்கும் திருப்பி விடுங்க. ஜிம்ல தூக்குற எடையை நோட்டுல எழுதி வைங்க. முப்பது நாள் கழிச்சு எடை குறைஞ்சிருந்தா டப்பாவுக்கே திரும்பிப் போங்க, நான் தடுக்கல. குறையலன்னா, இனிமே அந்தக் காசு எங்க போகணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

உங்க ஏரியாவுல முட்டை, மீல்மேக்கர் என்ன விலைன்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அந்த விலைகளை வச்சே கணக்கு போடலாம்.