தெரிந்த நாய்க்கும் வெறி வரும்

"நம்ம தெரு நாய்தானே, ஒண்ணும் ஆகாது." பெங்களூரு மல்லேஸ்வரத்தில் நாயிடம் கடிபட்டவருக்கு அக்கம்பக்கத்தார் முதலில் சொல்லும் ஆறுதல் இது. மார்கோசா சாலையிலும் எட்டாவது கிராஸிலும் பெயர் வைத்துக் கூப்பிட்டு பிஸ்கட் போட்டு வளர்த்த நாய்கள் உண்டு. அந்தப் பாசத்தில் எனக்குக் குறையில்லை. அந்தப் பாசத்தை வைத்து நோய் இல்லையென்று தீர்ப்பு சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். வெறி பிடித்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு, எச்சில் ஒழுக ஓடும், பார்த்தாலே தெரிந்துவிடும் என்று தமிழரும் கன்னடரும் ஒன்றுபோல நம்புகிறோம். பார்த்தால் தெரியாது.

வெறிநோயைத் தரும் ரேபிஸ் வைரஸ் கடிவாயில் நுழைந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்குப் போகிறது. அங்கே பெருகி, மறுபடி நரம்பு வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. நடத்தை மாறுவதற்குச் சில நாட்கள் முன்பே நாயின் எச்சிலில் வைரஸ் வந்துவிடும். அந்த நாட்களில் அது வாலாட்டும், சோறு தின்னும், பெயர் சொன்னால் ஓடி வரும். இன்னொரு வகை நாய்க்கு ஆவேசமே வராது. தாடை தளர்ந்து, விழுங்க முடியாமல் ஒரு மூலையில் படுத்திருக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கை விடுபவர்கள் இருக்கிறார்கள்.

உயிரோடிருக்கும் நாயைப் பார்த்து நோயை உறுதிசெய்ய கால்நடை வைராலஜி விஞ்ஞானியாலேயே முடியாது. மல்லேஸ்வரத்துக்கு வடக்கே, ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள ரேபிஸ் ஆய்வகம், உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரித்த ரெஃபரன்ஸ் ஆய்வகம். இறந்த விலங்கின் மூளைத்தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் துளி எடுத்து, ஒளிரும் எதிர்ப்பொருளைச் சேர்த்து, நுண்ணோக்கியில் பச்சை ஒளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே அப்படிப்பட்ட இடத்தில் முடிவு சொல்வார்கள். அவர்களுக்கு மூளை தேவைப்படுகிறது. நமக்கு வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதுமா?

"குட்டிதானே" என்பது இதைவிட மோசம். குட்டிக்கும் ரேபிஸ் வரும். 2025 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷகர் மாவட்டத்தைச் சேர்ந்த கபடி வீரர் ஒருவர் ரேபிஸால் இறந்தார். சில மாதங்களுக்கு முன் சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைத் தூக்கி விட்டிருக்கிறார். விரலில் சின்னக் கடி. அதை அவர் பொருட்படுத்தவில்லை. அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோயிலிருந்து பிழைத்தவர்கள் உலகிலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

தெரிந்த நாயால் ஆபத்தில்லை, கைமருந்தே போதும் என்ற நம்பிக்கை சாகாமல் இருக்க ஒரு காரணம் உண்டு. கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோய் இருப்பதில்லை. அதனால் மிளகாய்ப்பொடி அப்பியவரும் பிழைக்கிறார், சுண்ணாம்பு தடவியவரும் பிழைக்கிறார், பச்சிலை தின்றவரும் பிழைக்கிறார். பெருமை முழுவதும் மருந்துக்குப் போய்ச் சேருகிறது. செத்தவர் திரும்பி வந்து சாட்சி சொல்வதில்லை. போதாததற்கு மிளகாயும் சுண்ணாம்பும் புண்ணைக் கிளறி, வைரஸ் நரம்பைத் தொட வசதி செய்கின்றன. பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சாதாரண சோப்பு போட்டுக் கழுவினால், வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு சிதைத்துவிடும். இத்தனை மலிவான முதலுதவியை எந்தத் திண்ணையிலும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ஊசி போட்டுக்கொள்ளத் தயங்குவதற்குப் பின்னால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தைக் கற்பனை என்று தள்ள மாட்டேன். பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் செம்பிள் இமாச்சலத்தின் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய தடுப்பூசி அது. நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தயாரானது. வயிற்றில்தான் போட்டார்கள். சிலருக்கு அதனாலேயே கைகால் செயலிழப்பும் வந்தது. ஆனால் 2004க்குப் பின் இந்தியாவில் அது கிடையாது. இப்போது தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 என்று நான்கே நாட்கள், அதுவும் கையில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள்ளேயே எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசிக்குக் காசில்லை. மல்லேஸ்வரத்திலேயே கே.சி. ஜெனரல் மருத்துவமனை இருக்கிறது.

"பத்து நாள் நாயைப் பார்க்கலாம், செத்தால் ஊசி போட்டுக்கொள்ளலாம்" என்பது படித்தவர்கள் சொல்வது. மருத்துவம் சொல்வது நேர்மாறு. அன்றே ஊசியைத் தொடங்கு, கூடவே நாயைக் கவனி, பத்து நாளும் நன்றாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு நிறுத்து. முகத்திலோ கழுத்திலோ கடிபட்ட குழந்தைக்குப் பத்து நாள் காத்திருப்பது சூதாட்டம். அங்கிருந்து மூளைக்குத் தூரம் குறைவு.

1898இல் பிளேக் பரவியபோது, நெருக்கடியான பேட்டைத் தெருக்களிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்த இந்த நகரம் விரித்த பகுதிதான் மல்லேஸ்வரம். விலங்கிலிருந்து வரும் நோய்க்கு அஞ்சி வீதிகளையே புதிதாக வரைந்தவர்களின் ஊர். இன்றைக்கு அவ்வளவு வேண்டாம்; ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் பரவல் அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல ஆண்டுகளாகிறது. பிஸ்கட் போடும் கைகளே அந்த நாய்களைப் பிடித்துக் கொடுக்கவும் வேண்டும். நாய் நம்பி வருவது அவர்களிடம்தான்.

கடித்த நாய் இறந்துவிட்டால் குழி தோண்டிப் புதைக்காதீர்கள், குப்பை வண்டியிலும் ஏற்றாதீர்கள். வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். உடல் ஆய்வகத்துக்குப் போகட்டும். முடிவு வரும்வரை ஊசியை நிறுத்த வேண்டாம். அந்த நாய் கீறிய, நக்கிய மற்ற பிள்ளைகளை அதே தெருவில் தேடிப் பிடிக்க அந்த முடிவு வேண்டும்.