40 லட்ச ரூபாய் புற்றுநோய் சிகிச்சை: யாருக்குப் பயன்படும்?

'புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது, ஒரே ஊசியில் குணம்' என்ற செய்தி வாட்ஸ்அப் குழுமங்களில் அடிக்கடி வலம் வருகிறது. அதில் பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரியாமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கத் துணியும் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' என்ற கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார்.

நம் ரத்தத்தில் உள்ள டி செல்கள் நோயை எதிர்த்துப் போராடுபவை. புற்றுநோய் செல் நம் உடலிலேயே உருவானது என்பதால் அவற்றின் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. இந்தச் சிகிச்சையில் நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, எதிரியை அடையாளம் காணும் மரபணு ஒன்றை அவற்றுக்குள் செலுத்துகிறார்கள். பிறகு ஆய்வகத்தில் பெருக்கி, ரத்தம் ஏற்றுவதுபோல மீண்டும் உடலில் ஏற்றுகிறார்கள். 2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமி இவ்வாறு சிகிச்சை பெற்றாள். எல்லா மருந்தும் கைவிட்ட நிலையில் இருந்தவள், இன்று நோயின்றி வாழ்கிறாள்.

மரபணுவில் கை வைக்கலாமா என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். மாற்றப்படுவது நோயாளியின் ரத்த செல்கள் மட்டுமே. அது பிள்ளைகளுக்குக் கடந்து செல்வதில்லை. உயிர் காக்கும் வைத்தியம் என்ற வகையில் இதில் தயங்க ஒன்றுமில்லை என்பதே நம் கருத்து.

ஆனால் இது எல்லாப் புற்றுநோய்க்கும் உரியதல்ல. நெக்ஸ்கார்19 குறிவைப்பது 'பி செல்' எனும் ரத்த அணுக்களின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தை. நோயுற்ற பி செல்லோடு நல்ல பி செல்லும் அழியும். அவை இல்லாமலும் மருத்துவ உதவியோடு மனிதன் வாழ முடியும் என்பதால் இது சாத்தியமாகிறது. கல்லீரலிலோ நுரையீரலிலோ நல்ல செல்களை அப்படி இழக்க முடியுமா? மார்பகம், வயிறு, நுரையீரல் போன்ற கட்டிப் புற்றுநோய்களில் இம்முறை இன்னும் பெரிய வெற்றி காணாததற்கு இதுவும் ஒரு காரணம். எனவே இப்போதைக்கு இது சில வகை லிம்ஃபோமா, லுக்கேமியா நோயாளிகளுக்கு மட்டுமே. அவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை பலனளிக்காதபோதுதான்.

இந்திய ஆய்வில், பலன் மதிப்பிடப்பட்டவர்களில் ஏறத்தாழ 73 சதவீதம் பேரிடம் நோய் பின்வாங்கியது. அது எல்லோருக்கும் நிலைக்கவில்லை; சிலருக்கு நோய் திரும்பியது. சிகிச்சையின் விளைவால் இருவர் இறந்தும் போனார்கள். கடும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரக்கூடும் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில்தான் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது பணம். அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற முதல் கார்-டி மருந்தின் அறிமுக விலை 4,75,000 டாலர், அதாவது ஏறத்தாழ 4 கோடி ரூபாய். இங்கே சுமார் 40 லட்சம். பத்தில் ஒரு பங்கு என்று பத்திரிகைகள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஆட்டோ ஓட்டும் தகப்பனுக்கு 4 கோடியும் 40 லட்சமும் ஒரே தூரம். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்தான். மீதி 35 லட்சத்தை ஒரு மஹல்லாவின் பைத்துல்மால் தனியாகத் தாங்காது. பல ஜமாஅத்துகள் சேர்ந்து மருத்துவ நிதி வைக்கலாம் என்றாலும், உண்மையான தீர்வு அரசு இதைக் காப்பீட்டில் சேர்ப்பதும், உள்நாட்டு உற்பத்தி பெருகி விலை இறங்குவதுமே. நம் எம்.எல்.ஏ.க்களிடமும் எம்.பி.க்களிடமும் கேட்க வேண்டிய பட்டியலில் இதையும் சேர்ப்போம்.

அதுவரை, வசூலுக்கு வேண்டுகோள் வந்தால் ஜமாஅத் நிர்வாகிகள் முதலில் மருத்துவ அறிக்கையை வாங்கிப் பார்க்கட்டும்: எந்த வகைப் புற்றுநோய், சிடி19 பரிசோதனை முடிவு என்ன, இதுவரை என்ன சிகிச்சை நடந்தது, எந்த மருத்துவமனை. 'ஸ்டெம் செல்' என்ற பெயரில் எல்லாப் புற்றுநோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்யும் கிளினிக்குகளுக்கு இந்தச் சிகிச்சையோடு எந்தத் தொடர்பும் இல்லை.