சைக்கிள் யாத்திரையும் புற்றுநோய் நிதியும்

அமெரிக்க தேசத்து மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர், 1980-ம் வருஷம் 36 பேரைத் திரட்டி, ஸ்பிரிங்பீல்டிலிருந்து கடற்கரையிலுள்ள பிராவின்ஸ்டவுன் வரையில் சைக்கிளில் யாத்திரை செய்வித்தார். வண்டி ஓட்டியவர்கள் தங்கள் பந்துமித்திரரிடம் பணம் வசூலித்து, பாஸ்டன் நகரத்து டானா-பார்பர் புற்றுநோய் ஸ்தாபனத்துக்கு அளித்தார்கள். முதல் வருஷ வசூல் 10,000 டாலருக்குச் சற்று அதிகம். வருஷந்தோறும் நடந்து வந்த இவ்வசூலின் மொத்தம் 2024-ல் நூறு கோடி டாலரைக் கடந்துவிட்டது. பனிக்காலத்திலும் இவர்கள் ஓய்வதில்லை. நகராத சைக்கிள்களைக் கட்டடத்துக்குள் நிறுத்தி மிதித்து அதற்கும் பணம் சேர்க்கிறார்கள்!

இதைக் கேட்டு நம்மவரில் சிலர் நகைப்பார்கள். சைக்கிளை மிதித்தால் நோய் தீருமா, பணம் வேண்டுமென்றால் நேரே கேட்கலாகாதா என்பார்கள். காவடி எடுக்கும் தேசத்தில், பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் அண்ணாமலையை 14 கிலோமீட்டர் கால்நடையாகச் சுற்றிவரும் ஜில்லாவில், இக்கேள்வி எழுவது விந்தையே. தன் உடலை வருத்திக்கொண்டு ஒருவன் கையேந்தும்போது, கொடுப்பவனுக்கும் மனம் இளகுகிறது. இது நாம் மேனாட்டாரிடம் கற்க வேண்டிய பாடமன்று. நாம் கற்க வேண்டியது வேறு. அன்னதானத்துக்கும் கோபுரத் திருப்பணிக்கும் தாராளமாய்க் கொடுக்கும் நம் ஜனங்கள், ஆராய்ச்சிக்கென்று ஒரு காசு கொடுத்துப் பழகவில்லை.

இதனால் விளையும் கேட்டுக்கு நம் மாகாணத்திலேயே அத்தாட்சி உண்டு. திண்டுக்கல் ஜில்லா அம்பிளிக்கையைக் கேந்திரமாகக் கொண்டு 2000-ம் வருஷம் ஒரு பெரும் பரீட்சை தொடங்கிற்று. பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயது வரையிலான கிராமத்து ஸ்திரீகளின் கருப்பை வாயில் காடியைப் போன்ற அமிலநீரைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணாலேயே கண்டு, நோய் முற்றுமுன் சிகிச்சை செய்வித்தார்கள். இப்பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஸ்திரீகளிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததென்று 2007-ல் லான்ஸெட் பத்திரிகையில் பிரசுரமாயிற்று. விலையுயர்ந்த யந்திரமில்லை, பெரிய ஆஸ்பத்திரியில்லை. ஏழை நாடுகளெல்லாம் பின்பற்றக்கூடிய இம்முறை நமது குக்கிராமங்களில் நிரூபணமாயிற்று. ஆனால் பணம் யாருடையது? அமெரிக்காவிலுள்ள கேட்ஸ் தம்பதிகளின் தர்ம ஸ்தாபனத்தினுடையது. நடத்தியதோ பிரான்ஸ் தேசத்து லியான் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம். அவர்களுக்கு நாம் நன்றி பாராட்டுகிறோம். எனினும், நம் ஸ்திரீகளின் உயிரைக் காக்கும் வழியைக் கண்டறிய அந்நியர் பணம் வந்து சேரும்வரை நாம் காத்திருந்தோம் என்பது சுயராஜ்யம் பெற்ற ஜாதிக்கு அழகாகுமா?

நோயும் தேசத்துக்குத் தேசம் வேறுபடும். வாய்ப் புற்றும் கருப்பை வாய்ப் புற்றும் நம் தேசத்தை வாட்டுமளவு அமெரிக்காவை வாட்டவில்லை. புகையிலைப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தன் வீட்டுத் துன்பத்தை முதலில் ஆராய்வது எவருக்கும் இயல்பு. நம்முடையதை ஆராய நாமே முயல வேண்டும்.

“இதெல்லாம் சர்க்காரின் கடமையல்லவா? ஜனங்கள் வசூலில் இறங்கினால் சர்க்கார் கைகழுவிவிடாதா?” என்று நமது தேசபக்த நண்பர்கள் ஆட்சேபிப்பதுண்டு. ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் சரித்திரம் வேறு விதமாகப் பேசுகிறது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்தவர். சர்க்கார் தாமாக முன்வரும் என்று அவர் காத்திருக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021-ல் காலமாகும்வரை அதை விட்டகலவில்லை. சர்க்காரின் உதவி பின்னால் வந்தது. ஜனங்கள் முதலில் தொடங்கியபடியால், கேட்கும் உரிமை அவர்களுக்குப் பலப்பட்டது, குறையவில்லை.

கீழ்பென்னாத்தூர் தாலூகாவில் இந்நோய் கண்டவர்கள் இன்றும் வேலூருக்கோ, புதுச்சேரிக்கோ, சென்னைக்கோ பஸ் ஏறுகிறார்கள். முற்றிய பின் ஏறுகிறவர்களே அதிகம். அவர்களோடு துணைக்குச் செல்பவரின் அன்றாடக் கூலியும் போகிறது. ஆகவே, தீபம் கழிந்து மழை ஓய்ந்த மார்கழிப் பனியில், நமது வாலிபர்கள் இங்கிருந்து திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் சைக்கிளில் சென்று நிதி திரட்டுவார்களாயின், அதை நாம் மனமார வரவேற்போம். நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் கொடுத்த சைக்கிள்களே போதும். பளபளக்கும் சீமை வண்டியும் இறுக்கிய உடுப்பும் அவசியமில்லை.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் விதிக்கிறோம். வசூலான ஒவ்வொரு ரூபாயும் எந்த ஆராய்ச்சிக்கு, எந்த ஸ்தாபனத்துக்குப் போகிறதென்று புறப்படுமுன்னரே அறிவிக்க வேண்டும். மேற்சொன்ன அமெரிக்கக் கூட்டத்தார், வண்டி ஓட்டுவோர் திரட்டும் பணம் முழுவதையும் ஆஸ்பத்திரிக்கே செலுத்தி, நிர்வாகச் செலவை வேறு வழியில் சமாளிக்கிறார்கள்; நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். பந்தலும் பொன்னாடையும் ஒலிபெருக்கியும் நிதியை விழுங்கிய காட்சிகளை நாம் போதுமானவரை கண்டாயிற்று. மற்றொன்று, போகும் வழியிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் வண்டியை நிறுத்தி, அருகிலுள்ள சர்க்கார் சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை உண்டென்று வீட்டு ஆண்களிடம் சொல்ல வேண்டும். ஸ்திரீகளை அனுப்பத் தயங்குகிறவர்கள் அவர்களே. தேதியையும், முடிந்தபின் கணக்கையும் நமக்கு அனுப்பினால், பைசா விடாமல் இப்பத்திரிகையில் பிரசுரிக்கிறோம்.