மாவட்டத்திற்கு ஒரு பறக்கும் ஆம்புலன்ஸ்: மக்களுக்கா, பணமூட்டைகளுக்கா?

ஆகாயத்தில் ஆம்புலன்ஸ் வரப்போகிறதாம்! சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த ஈபிளேன் கம்பெனி, 788 பறக்கும் ஆம்புலன்ஸ்களைச் செய்து கொடுப்பதாக 2025 பிப்ரவரியில் ஐ.சி.ஏ.டி.டி. என்ற விமான ஆம்புலன்ஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்தது. மதிப்பு நூறு கோடி டாலருக்கு மேல். நாட்டின் மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்பது கணக்கு. அப்படியானால் விழுப்புரத்துக்கும் ஒன்று உண்டு!

நாம் முகம் சுளிக்கவில்லை. பல மின்சார விசிறிகளைச் சுழற்றி, ஓடுபாதை இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே எழும்பும் யந்திரம் மனித மூளையின் அரிய சாதனை. நம் விஞ்ஞானிகளும் இளம் என்ஜினீயர்களும் அதில் இறங்கியிருப்பது பெருமையே. நாம் கேட்பது ஒன்றுதான்: அது யாரை ஏற்றிக்கொண்டு பறக்கும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததைத் திண்டிவனம், விழுப்புரம் மக்கள் மறக்கவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது, ரயில்கள் நின்றன. அரசூரில் நெடுஞ்சாலை மீதே தென்பெண்ணை வெள்ளம் பாய்ந்தது. மாவட்டத்தின் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி இருப்பதோ அதே முண்டியம்பாக்கத்தில்! புயல் வீசும்போது இந்த யந்திரம் உதவாது, உண்மை. ஆனால் காற்று ஓய்ந்தும் தண்ணீர் வடியாத நாட்களில், பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு விவசாயக் கூலிப் பெண்ணைத் தூக்கி வர இதைவிட நல்ல வாகனம் ஏது? அவளிடம் பில்லை நீட்டப்போவது யார்? இதுதான் கேள்வி!

முதலாளிகளின் கண் எங்கே இருக்கிறது? இண்டிகோவின் தாய்க் கம்பெனியும் அமெரிக்காவின் ஆர்ச்சர் கம்பெனியும் சேர்ந்து 2023 நவம்பரில் அறிவித்தது என்ன? டில்லி கன்னாட் பிளேஸிலிருந்து குருகிராமத்துக்கு 7 நிமிஷத்தில் ஆகாய டாக்ஸி! சாலை நெரிசலுக்கு மேலே சீமான்கள் பறக்க, கீழே பஸ்ஸில் ஜனங்கள் நசுங்க வேண்டுமாம்.

லாபத்தை மட்டும் நம்பியவர்களின் கதி என்ன? ஜெர்மனியின் வோலோகாப்டர் 18 விசிறிகளோடு இரண்டு பேர் அமரும் யந்திரம் செய்தது. ஒரு சார்ஜுக்கு 35 கி.மீ. பறக்கும் என்றது. திண்டிவனத்தில் ஏறினால் விழுப்புரம் சேருமுன்பே பாட்டரி காலி! ஒரு கிலோ பெட்ரோலில் உள்ள சக்தியோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ பாட்டரியின் சக்தி மிகச் சொற்பம். அந்தரத்தில் தாங்கி நிற்கவே அது கரைகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரயாணிகளை ஏற்றுவோம் என்று முழங்கிய அந்தக் கம்பெனி, அதே ஆண்டு டிசம்பரில் திவால் மனுப் போட்டது. அக்டோபரிலேயே லிலியம் என்ற இன்னொரு ஜெர்மன் கம்பெனி கையை விரித்தது. உயிர் காக்கும் ஊர்தியை இந்தச் சூதாட்டத்தில் விடலாமா?

வேறு வழி இருக்கிறது. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. நோயாளியிடம் காசு கேட்பதில்லை. செலவைச் சர்க்கார் ஏற்றால் எதுவும் முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதையும் தனியார் நிர்வாகத்திடம் விட்டு, இரவு பகலாக உழைக்கும் தொழிலாளிகளை வாட்டுவதுதான் குற்றம்.

1959இல் பொதுப்பணத்தில் எழுந்தது சென்னை ஐ.ஐ.டி. அங்கே பிறந்த விஞ்ஞானத்தில் மக்களுக்குப் பாத்தியதை உண்டு. எனவே நாம் கோருகிறோம்: பறக்கும் ஆம்புலன்ஸ் வந்தால் அது 108 போல இலவசமாக, சர்க்காரின் நேரடிப் பொறுப்பில் வரட்டும்! ஓட்டுகிறவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் நிரந்தர வேலை தரட்டும்! அதற்கு முன்னால் திண்டிவனத்திலும் முண்டியம்பாக்கத்திலும் போதிய டாக்டர்களும் நர்சுகளும் ரத்தமும் எந்நேரமும் இருக்கட்டும்!

யந்திரம் எவ்வளவு உயரமும் பறக்கட்டும். அது இறங்குகிற இடத்தில் கூலிப் பெண்ணின் உயிருக்கும் கோடீஸ்வரனின் உயிருக்கும் ஒரே விலை இருக்க வேண்டும்.