கூடிப் பேசிய விலை

திண்டிவனத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு உழவர் வேர்க்கடலை கொண்டு வருகின்றனர். நம் பக்கத்தார் மல்லாட்டை என்று வழங்கும் அவ்விளைவுக்கு வணிகர் தத்தம் விலையைத் தனித்தனியே எழுதிக் கொடுக்க, மிகுத்து எழுதியவர்க்கே சரக்கு என்பது மறைமுக ஏலத்தின் முறை. முறை நல்லதே. ஆயின், எழுதுமுன் வணிகர் தமக்குள் கூடிப் பேசிக்கொள்வராயின், தாள் பத்தாயினும் விலை ஒன்றே. அம்மறைவு உழவனுக்கு மட்டுமே மறைவு!

அவ்வுழவனே வீடு கட்ட, சிமெண்டு எனப்படும் பைஞ்சுதை வாங்கச் சென்றால், அங்கும் விலை சொல்பவர் பிறரே. வாங்குவோர் சிலராகிய இடத்தில் அவன் விற்கின்றான். விற்போர் சிலராகிய இடத்தில் வாங்குகின்றான். இருமுனையிலும் இழப்பு அவனுக்கே!

இது வெற்றச்சமன்று. இந்தியக் கட்டுமானர் கழகம் 2010-இல் முறையிட, இந்தியப் போட்டி ஆணையம் ஆராய்ந்து, 2012 சூனில் பைஞ்சுதை நிறுவனங்கள் பதினொன்றின் மேலும் அவற்றின் கழகத்தின் மேலும் ஏறத்தாழ 6,300 கோடி உருவா தண்டம் விதித்தது. ஆக்கத்தைக் குறைத்து விலையை ஏற்றினர் என்பது குற்றச்சாட்டு. இந்தியா சிமெண்ட்ஸ், மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆகிய தமிழ்நாட்டு நிறுவனங்களும் அவற்றுள் அடங்கும். நிறுவனங்கள் குற்றத்தை மறுத்து மேன்முறையிட்டன. வழக்குரையைக் கேளாத தலைவர் ஆணையில் கையொப்பமிட்டார் என்னும் குறையால் 2015-இல் அவ்வாணை நீக்கப்பெற்றது. 2016-இல் ஆணையம் மீண்டும் தண்டம் விதித்தது. 2018-இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டே உச்ச நயன்மன்றம் மேன்முறையீட்டை ஏற்று, பத்தில் ஒரு பங்கை மட்டும் கட்டுமாறு பணித்தது. முறையிட்டு எட்டாண்டு கழிந்தும் நிலை இதுவே!

விலை ஒத்திருப்பது ஒன்றே கூட்டுச் சூழ்ச்சிக்குச் சான்றாகாது என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆயின், பைஞ்சுதையின் இயல்பை நோக்குக. யார் ஆக்கினும் பொருள் ஏறக்குறைய ஒரு தன்மையதே. ஆலை எழுப்பப் பெருமுதல் வேண்டும். எடை மிக்கதாகலின் நெடுந்தொலைவு கொண்டு செல்லுதல் கட்டாது. எனவே, ஒவ்வொரு வட்டாரத்திலும் விற்போர் சிலரே. புதியவர் நுழைவது அரிது. கூடிப் பேசுவதற்கு இதனினும் வாய்ப்பான களம் யாதுளது?

தண்டம் அஞ்சத் தக்கதாய் இருத்தல் வேண்டும். சூழ்ச்சியால் வரும் மிகை ஊதியம் நூறு எனவும், மூன்றில் ஒரு முறையே அகப்படுவர் எனவும் கொள்வோம். தண்டம் முந்நூற்றுக்குக் குறைந்தால் சூழ்ச்சி செய்வதே ஆதாயம் என்று கணக்குப் பிள்ளையும் சொல்லிவிடுவான். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், சூழ்ச்சிக் காலத்து ஊதியத்தில் மும்மடங்கு வரை ஒறுக்க இடந்தந்தும், ஆணையம் விதித்தது ஊதியத்தில் பாதியே. அதுவும் ஆண்டுக் கணக்கில் நீளுமாயின், அத்தண்டம் வணிகச் செலவுகளுள் ஒன்றாகிவிடாதோ? மேலும், தண்டத்தொகை சேருமிடம் ஒன்றியக் கருவூலம். மிகை விலை கொடுத்தவன் இழப்பீட்டுக்குத் தனியே தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும். மூட்டைக்குச் சில உருவா இழந்த எளியவன் தில்லிக்கா செல்வான்?

ஆகவே, நாம் வேண்டுவன இவை. இத்தகு வழக்குகளுக்குக் கால வரம்பு வேண்டும். தண்டத்தின் ஒரு பங்கு இழந்தவர்க்குத் திரும்ப வேண்டும். 2021-இல் சென்னையில் திறக்கப்பெற்ற ஆணைய அலுவலகம், விற்பனைக் கூடங்களின் ஏலத் தாள்களையும் அவ்வப்போது ஆராய்தல் வேண்டும். உழவன் தமிழில் எழுதித் தமிழிலேயே விடைபெறவும் வேண்டும். தமிழ்நாட்டரசின் ஆலைகள் 2021-இல் 'வலிமை' என்னும் பெயரில் பைஞ்சுதையை விற்பனைக்குக் கொணர்ந்தன. பெயருக்கேற்ப அஃது ஊர்தோறும் கிடைக்குமாயின், தனியார் விலைக்கு அதுவே ஒரு கடிவாளம்.

சட்டம் ஒரு வேலியே, காவல் நம்முடையது. விலை சொல்வோர் கூடுகின்றனர். விலை கொடுப்போரும் விளைவிப்போரும் சிதறிக் கிடக்கின்றனர். கூட்டுறவாய்க் கூடி நிற்கும் உழவனிடம் கூடிப் பேசிய விலை செல்லாது. தமிழ உழவர்களே, கூடுங்கள்!